அரசின் டிஜிட்டல் திட்டத்துக்குப் பணம் ஒதுக்குமுன் போடப்படும் கணக்கு

அரசாங்கம் புதிய கணினித் திட்டமொன்றை அறிவிக்கும்போதெல்லாம் கொழும்பில் இரண்டு வகையான பேச்சு எழும். எல்லாம் ஒன்லைனுக்கு வந்துவிட்டால் செலவும் அலைச்சலும் தாமாகவே குறைந்துவிடும் என்பது ஒரு கட்சி. இவ்வளவு மில்லியனும் யாருடைய பைக்குள் போகப்போகிறதோ என்பது மறு கட்சி. இரு சாராரும் நடுவிலுள்ள ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்தப் பணத்தைச் செலவிட்டால் நாட்டுக்கு என்ன கிடைக்கும், செலவிடாவிட்டால் என்ன கிடைக்கும், இவ்விரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் செலவைவிடப் பெரியதா?

இதற்கு விடை தேடுவதற்காகவே அரசாங்கங்கள் பொருளியலாளர்களை வேலைக்கு அமர்த்துகின்றன. அவர்கள் திட்டங்களுக்கு முட்டுக்கட்டை போடுபவர்கள் என்றும், தொழில்நுட்பம் தெரியாமல் கணக்குப் பார்ப்பவர்கள் என்றும் சொல்லப்படுவதுண்டு. உண்மையில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை, அவர்களில் ஒருவர் என்ற முறையில், பொருளியல் படிக்காதவர்களும் பின்தொடரக்கூடிய வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த வேலை எங்கே, எப்போது நடக்கிறது

இலங்கையில் ஓர் அமைச்சு பெரிய கருத்திட்டமொன்றை ஆரம்பிக்க விரும்பினால், அதன் முன்மொழிவு நிதி அமைச்சின் கீழுள்ள தேசிய திட்டமிடல் திணைக்களத்தின் பரிசீலனைக்குச் செல்லும். அரச முதலீடுகளை இவ்வாறு முன்கூட்டியே ஆராய்வதற்கு 2024 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம் சட்ட அடிப்படையை அளித்துள்ளது. பணம் செலவாகும் முன்னர் நடக்கும் இந்த ஆய்வை முன்மதிப்பீடு என்று அழைப்போம்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போது பார்ப்பது கண்காணிப்பு. முடிந்த பிறகு பலனை அளப்பது பின்மதிப்பீடு. பணம் விதிப்படி செலவானதா என்று பார்ப்பது கணக்காய்வு. அது கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் பொறுப்பு. செய்திகளில் இந்த நான்கும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், ஊழல் இல்லாத திட்டம் என்றாலே நல்ல திட்டம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஒரு சதமும் களவு போகாமல், எல்லா விதிகளையும் பின்பற்றி, யாருக்கும் பயன்படாத ஒரு முறைமையைக் கட்டிவிட முடியும். அத்தகைய திட்டத்தைக் கணக்காய்வு தடுக்காது. முன்மதிப்பீடுதான் தடுக்க வேண்டும்.

வெள்ளவத்தைக் கடையொன்றுக்குக் கணினி வாங்குவது

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒரு பலசரக்குக் கடையை எடுத்துக்கொள்வோம். முதலாளி கையால் பில் எழுதுகிறார். வாடிக்கையாளரின் கடன் கணக்கு ஒரு கொப்பியில் இருக்கிறது. பில் போடும் கணினியும் மென்பொருளும் விற்கும் முகவர் ஒருவர் வந்து, இதை வாங்கினால் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் மிச்சம், அந்த நேரத்துக்குரிய சம்பளத்தைக் கணக்கிட்டால் போட்ட முதல் ஒன்றரை வருடத்தில் திரும்பிவிடும் என்கிறார்.

முதலாளி அனுபவசாலியாக இருந்தால் உடனே கேட்பார்: என் கடையிலிருக்கும் உதவியாளருக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறேன், இரண்டு மணித்தியாலம் மிச்சமானால் அந்தச் சம்பளம் குறையுமா? குறையாது. அந்த நேரத்தில் உதவியாளர் பக்கத்து மாடிவீடுகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்து வியாபாரத்தைக் கூட்டினால்தான் அது வருமானமாகும். அடுத்து, மென்பொருளுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டா, பழுதானால் யார் வருவார், முதல் மூன்று மாதமும் கணினியிலும் கொப்பியிலும் இரண்டு தரம் எழுத வேண்டி வருமா என்று விசாரிப்பார். பின்னேரத்தில் கடையில் வரிசை நிற்பது பில் எழுதும் தாமதத்தினாலா, பருப்பும் சீனியும் நிறுக்கும் தாமதத்தினாலா என்பதையும் யோசிப்பார். நிறுப்பதுதான் தாமதம் என்றால் இன்னொரு தராசு போதும்.

இவ்வளவையும் கேட்கும் முதலாளியைக் கணினிக்கு எதிரானவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அரசாங்கத்தின் பொருளியலாளர் கேட்பவையும் இவைதான். ஆனால் கடைக்காரர் தம் இலாபத்தை மட்டும் பார்த்தால் போதும். அரசாங்கம் தன் பணப்பையோடு குடிமக்களின் நேரத்தையும் அலைச்சலையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கிருந்துதான் கணக்குச் சிக்கலாகிறது.

எதனோடு ஒப்பிடுகிறோம்

முன்மதிப்பீட்டின் முதுகெலும்பு ஒப்பீட்டு நிலை எனப்படுவது. திட்டம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்ற நிலையே அது. ‘திட்டத்துக்கு முன்’ என்பதும் ‘திட்டம் இல்லாவிட்டால்’ என்பதும் ஒன்று போலத் தோன்றினாலும், இரண்டுக்கும் இடையில் பல மில்லியன் ரூபா வித்தியாசம் இருக்கலாம்.

2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக வரிசையில் நின்றவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். அந்த ஆண்டு ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் அறிமுகமானது. வாகனத்துக்குரிய கியூஆர் குறியீட்டைக் காட்டி வாராந்த ஒதுக்கீட்டைப் பெறும் முறை வந்தது. அதன் பின் கிலோமீற்றர் கணக்கில் நீண்டிருந்த வரிசைகள் படிப்படியாகக் குறைந்தன. முன்னதையும் பின்னதையும் மட்டும் பார்ப்பவர் முழுப் புகழையும் கியூஆர் குறியீட்டுக்குக் கொடுத்துவிடுவார். ஆனால் அதே காலத்தில் வேறு சிலவும் நடந்தன. ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ரூபாவாகி, பலர் வாகனத்தை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். கப்பல்களும் மீண்டும் வரத் தொடங்கின. இவையெல்லாம் நடந்து, குறியீடு மட்டும் இல்லாமலிருந்தால் வரிசை எவ்வளவு நீண்டிருக்கும் என்பதே ஒப்பீட்டு நிலை. அந்த நிலைக்கும் உண்மையில் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே திட்டத்தின் பலனாக எழுத முடியும். எனது கணிப்பில் அந்த வித்தியாசமும் கணிசமானதுதான். பதுக்கலையும் ஒரே வாகனம் நாளுக்கு மூன்று இடத்தில் நிரப்புவதையும் அந்த முறை தடுத்தது. ஆனால் வரிசை குறைந்தது முழுவதையும் அதன் பெயரில் எழுத முடியாது.

ஒப்பீட்டு நிலை எப்போதும் திட்டத்துக்குப் பாதகமாகவே அமையும் என்றும் எண்ண வேண்டாம். எதுவும் செய்யாமல் விட்டால் இன்றைய நிலை அப்படியே நீடிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பழைய பதிவேடுகள் செல்லரிக்கும். பதினைந்து வருட மென்பொருளைத் திருத்தத் தெரிந்தவர் ஓய்வு பெற்றுவிடுவார். அத்தகைய இடங்களில் ‘சும்மா இருத்தல்’ என்பதே விலை கூடிய தெரிவாகிவிடும்.

சுருக்கமாக: பலன் என்பது திட்டத்தோடு கூடிய எதிர்காலத்துக்கும் திட்டமில்லாத எதிர்காலத்துக்கும் உள்ள இடைவெளி. நேற்றையும் நாளையையும் ஒப்பிடுவது வேறு கணக்கு.

மிச்சமாகும் நேரம் பணமாகுமா

டிஜிட்டல் முன்மொழிவுகளில் நான் அதிகம் காணும் பலன் நேர மிச்சம்தான். அதிகம் வெட்டப்படுவதும் அதுதான். ஒரு விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இப்போது 40 நிமிடம் ஆகிறது, புதிய முறைமையில் 10 நிமிடம் ஆகும், ஆகவே வருடத்துக்கு இத்தனை இலட்சம் மணித்தியாலம் மிச்சம், அதைச் சம்பளத்தால் பெருக்கினால் இத்தனை மில்லியன் ரூபா என்று அட்டவணை போடப்பட்டிருக்கும். பெருக்கல் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த ரூபா எங்கே வந்து சேரும்?

நிரந்தர ஆளணியிலுள்ள உத்தியோகத்தரின் சம்பளம் 30 நிமிடம் மிச்சமானதற்காகக் குறையாது. எனவே பொருளியலாளர் பலன்களை இரண்டாகப் பிரிப்பார். திறைசேரியின் கையில் உண்மையாகவே மீளும் பணத்தைக் காசாகும் சேமிப்பு என்பார். அச்சடிக்கும் செலவு நின்றுபோவது, வாடகைக்கு எடுத்த களஞ்சியத்தைத் திருப்பிக் கொடுப்பது, ஓய்வுபெறுபவரின் இடத்தை நிரப்பாமல் விடுவது ஆகியவை இதில் அடங்கும். மற்றது விடுபடும் ஆற்றல்: பணம் மீளாது, ஆனால் அதே ஆட்களால் கூடுதல் வேலை செய்ய முடியும். விடுபடும் ஆற்றலுக்கு மதிப்பில்லை என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் இவர்கள் என்ன செய்வார்கள் என்று முன்மொழிவு சொன்னால் மட்டுமே அதற்கு மதிப்புக் கொடுக்க முடியும். தேங்கிக் கிடக்கும் காணி உறுதி விண்ணப்பங்களைத் தீர்ப்பார்கள் என்றால் அது ஒரு பலன். அதற்குரிய பணிமாற்றக் கடிதமும் பயிற்சியும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். ஒன்றும் சொல்லப்படாவிட்டால் நான் அந்த வரிக்குப் பூச்சியம் போடுவேன். இதுவே திணைக்களங்களுக்கும் எங்களுக்கும் இடையில் அதிக மனக்கசப்பை உண்டாக்கும் இடம்.

குடிமகனின் நேரம் வேறு வகையானது. கிராண்ட்பாஸில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்பவர் பத்தரமுல்லைக்கு ஒரு பத்திரத்துக்காகப் போய்வந்தால் அன்றைய கூலி போய்விடுகிறது. அந்தப் பயணம் இல்லாமற்போனால் அவருக்குக் கிடைப்பது உண்மையான பலன். திறைசேரியின் கணக்கில் அது ஒரு சதமாகவும் தோன்றாது, ஆனாலும் நாட்டின் கணக்கில் அது சேரும். ஓய்வுபெற்ற ஒருவரின் நேரத்தையும் இதே விலைக்குக் கணக்கிடலாமா என்ற விவாதம் பழையது. பெரும்பாலான மதிப்பீட்டு வழிகாட்டி நூல்கள் வேலை நேரத்துக்கு ஒரு விலையும் ஓய்வு நேரத்துக்கு அதைவிடக் குறைந்த விலையும் வைத்து நடுவழியில் போகின்றன.

திறைசேரியின் பையும் நாட்டின் பையும்

முன்மதிப்பீட்டில் இரண்டு கணக்குகள் உண்டு. நிதிக் கணக்கு திறைசேரியின் பையிலிருந்து போவதையும் வருவதையும் பார்க்கும். பொருளாதாரக் கணக்கு நாடு முழுவதும் எந்த வளங்கள் கரைகின்றன, எந்த நன்மைகள் பிறக்கின்றன என்று பார்க்கும். இரண்டும் முரண்படுவது சாதாரணம்.

ஒரு திணைக்களம் சேர்வர் வாங்கும்போது 18 சதவீத பெறுமதி சேர் வரி கட்டினால், திணைக்களத்தின் பாதீட்டில் அது செலவு. ஆனால் அந்த வரி அரசாங்கத்துக்கே திரும்பி வருகிறது. நாடு எந்த வளத்தையும் இழக்கவில்லை. எனவே பொருளாதாரக் கணக்கில் அதைக் கழித்துவிடுவார்கள். இவ்வாறு ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் பணத்தை மாற்றுக் கொடுப்பனவு என்பர்.

இதே விதி பலருக்கு வியப்பளிக்கும் ஓர் இடத்திலும் பொருந்தும். புதிய முறைமையால் வரி வருமானமோ அபராத வசூலோ கூடும் என்றால், நிதிக் கணக்கில் அது பெரிய பலன். பொருளாதாரக் கணக்கில் அதுவும் மாற்றுக் கொடுப்பனவே, குடிமகன் பையிலிருந்து அரசின் பைக்குப் போன பணம். 2025 பெப்ரவரியில் ஆரம்பிக்கப்பட்ட கவ்பே (அரச கட்டணங்களை ஒன்லைனில் செலுத்தும் முறை) போன்ற கொடுப்பனவு வசதியை மதிப்பிடும்போது, அதனூடாகச் செலுத்தப்பட்ட மொத்தத் தொகையைப் பலனாகக் காட்ட ஆசை வரும். அந்தப் பணம் கருமபீடத்தில் கட்டப்பட்டிருந்தாலும் வந்திருக்கும். வரிசையில் நிற்காத நேரம், காசைக் கையாளும் செலவு, தவறிப்போகும் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றில் ஏற்படும் குறைவே அதன் பலன். கடன் சுமையோடு இருக்கும் நாட்டில் வருமானம் கூடுவது முக்கியமில்லையா என்று கேட்டால், மிகவும் முக்கியம்தான். அதனால்தான் இரண்டு கணக்குகளையும் தனித்தனியாகப் போட்டு அமைச்சரவைக்குக் காட்டுகிறோம்.

இலங்கையில் நிதிக் கணக்கில் இன்னொரு முள் இருக்கிறது. கிளவுட் சேவைக்கும் (இணையம் வழியாக வாடகைக்குப் பெறும் கணினி வசதி) மென்பொருள் உரிமங்களுக்கும் பெரும்பாலும் டொலரிலேயே பணம் கட்ட வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்குச் சுமார் 200 ரூபாவாக இருந்தது, மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. எந்த உரிமமும் மாறாமல், எந்தக் கணினியும் கூடாமல், ஆண்டுக் கட்டணம் ரூபாவில் ஏறக்குறைய 80 சதவீதம் உயர்ந்தது. எனவே ஒரு முன்மொழிவு ரூபாவில் மட்டும் எழுதப்பட்டிருந்தால், இதில் எத்தனை பங்கு டொலர் என்பதே கேட்கப்படும் முதல் கேள்வி. நாணய மதிப்பு, பயனாளர் எண்ணிக்கை, தாமதம் போன்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றி முடிவு எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பதை உணர்திறன் பகுப்பாய்வு என்பர்.

நாளைய ரூபாவுக்கு இன்றைய விலை

திட்டச் செலவு இன்று வரும். பலன் மூன்று வருடம் கழித்து வரும். இரண்டையும் அப்படியே கூட்டிக் கழிக்க முடியாது. ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால், அடுத்த வருடம் கிடைக்கும் 110 ரூபாவின் இன்றைய மதிப்பு 100 ரூபா. இப்படி வருங்காலத் தொகையைக் குறைத்து எழுதப் பயன்படும் வீதத்தைக் கழிவு வீதம் என்பர். எல்லாப் பலன்களையும் எல்லாச் செலவுகளையும் இவ்வாறு இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கழித்தால் மிஞ்சுவது தேறிய நிகழ்காலப் பெறுமதி. அது பூச்சியத்துக்கு மேலே இருந்தால் திட்டம் நாட்டுக்கு இலாபம்.

வீதத்தை எவ்வளவு என்று வைப்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரித்தானியத் திறைசேரி 3.5 சதவீதத்தைப் பயன்படுத்துகிறது. ஆசிய அபிவிருத்தி வங்கி 2017 முதல் பொதுவாக 9 சதவீதத்தை அளவுகோலாகக் கொள்கிறது. அதற்கு முன் அது 12 ஆக இருந்தது. மூலதனம் அரிதான நாட்டில் வீதம் உயர்வாக இருப்பது இயல்பு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இப்போது எல்லாவற்றையும் ஓர் உதாரணத்தில் சேர்ப்போம். இதிலுள்ள இலக்கங்கள் அனைத்தும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒரு திணைக்களம் சான்றிதழ்ப் பிரதிகளை ஒன்லைனில் வழங்க முன்மொழிகிறது. ஆரம்பச் செலவு 600 மில்லியன் ரூபா. வருடத்துக்கு 10 இலட்சம் பிரதிகள் வழங்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் குடிமகனுக்கு நான்கு மணித்தியாலத்தையும் 300 ரூபா பஸ் செலவையும் மிச்சப்படுத்தும். மணித்தியாலத்துக்கு 250 ரூபா வைத்தால் ஒரு பிரதிக்கு 1,300 ரூபா பலன். வருடத்துக்கு 1,300 மில்லியன். ஐந்து வருடத்துக்கு 10 சதவீத வீதத்தில் கழித்துக் கூட்டினால் சுமார் 4,930 மில்லியன். செலவைக் கழித்தால் 4,330 மில்லியன் ரூபா இலாபம் என்று முன்மொழிவு முடிகிறது. பார்த்தவுடன் கையொப்பம் இட வேண்டும் போலிருக்கும்.

பொருளியலாளர் முதலில் ஆண்டுச் செலவைத் தேடுவார். பராமரிப்பு, உரிமம், உதவி மையம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90 மில்லியன்; அது முன்மொழிவில் இல்லை. ஐந்து வருடத்துக்கு அதன் இன்றைய மதிப்பு 341 மில்லியன். ஆக மொத்தச் செலவு 941.

அடுத்து, ஒரு பிரதிக்குரிய பலனைப் பார்ப்பார். பலருக்கு அருகிலுள்ள பிரதேச செயலகத்திலேயே பிரதி கிடைக்கிறது. அவர்களுக்கு நான்கு மணித்தியாலம் மிச்சமாகாது. இன்னும் பலர் அதே பயணத்தில் வேறு அலுவல்களையும் முடிக்கிறார்கள். பஸ் காசு எப்படியும் போகும். சராசரியை 700 ரூபாவாகக் குறைக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, எத்தனை பேர் பயன்படுத்துவார்கள்? முதல் நாளிலேயே 10 இலட்சம் பேரும் ஒன்லைனுக்கு மாறிவிடுவார்கள் என்று முன்மொழிவு கருதியது. ஒரு வருடத் தாமதம் வழக்கமானது என்பதால் முதல் வருடத்துக்குப் பூச்சியம், பிறகு ஒரு இலட்சம், இரண்டரை இலட்சம், நான்கு இலட்சம், நான்கு இலட்சம் என்று வைத்தால், ஐந்து வருடப் பலனின் இன்றைய மதிப்பு சுமார் 554 மில்லியன். 941 ஐக் கழித்தால் கிட்டத்தட்ட 387 மில்லியன் ரூபா நட்டம்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் பொருளியலாளர் அரை வேலைதான் செய்தவராவார். முன்மதிப்பீட்டில் குறைந்தது ஒரு சிறிய மாற்றுத் தெரிவையாவது கணக்கிட வேண்டும். புதிய முறைமையைக் கட்டாமல், விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் மட்டும் ஒன்லைனுக்குக் கொண்டுவந்து, பிரதியை இருக்கும் வழியிலேயே அச்சிட்டுத் தபாலில் அனுப்புவோம். ஆரம்பச் செலவு 120 மில்லியன், ஆண்டுச் செலவு 25 மில்லியன். சிறியது என்பதால் முதல் வருடமே 50,000 பேர், பிறகு ஒன்றரை இலட்சம், அதன் பின் வருடத்துக்கு இரண்டரை இலட்சம் பேர் பயன்படுத்துவார்கள் என்று கொண்டால், பலன் 478 மில்லியன், செலவு 215 மில்லியன். தேறிய நிகழ்காலப் பெறுமதி சுமார் 263 மில்லியன் ரூபா. பெரிய திட்டத்தின் பலனில் பெரும் பகுதியை அதன் செலவில் கால்வாசிக்கும் குறைவான தொகைக்குப் பெற்றுவிடலாம். எதிர்பார்த்ததைவிட மக்கள் அதிகமாகப் பயன்படுத்தினால், இரண்டு வருடம் கழித்து உண்மையான எண்ணிக்கைகளோடு பெரிய திட்டத்தைத் திரும்பவும் பரிசீலிக்கலாம்.

செலவு மட்டும் ஏன் எப்போதும் கூடுகிறது

மேற்படி உதாரணத்தில் ஆரம்பச் செலவை நான் தொடவில்லை. நடைமுறையில் அதையும் தொட வேண்டியிருக்கும். திட்டத்தைத் தயாரிப்பவர்கள் செலவைக் குறைவாகவும் பலனை அதிகமாகவும் மதிப்பிடும் போக்கு, மிகைநம்பிக்கைச் சாய்வு எனப்படுகிறது. இதில் பொய் சொல்லும் நோக்கம் இருக்க வேண்டியதில்லை. திட்டத்தை நேசிப்பவர்களுக்கு இடையூறுகள் கண்ணில் படுவதில்லை. பிரித்தானியத் திறைசேரி இதற்காகவே, ஆரம்ப மதிப்பீட்டின் மேல் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று வரம்புகளை வகுத்தது. வழக்கமான கட்டடங்களுக்கு மேல்வரம்பு 24 சதவீதம். உபகரணம் மற்றும் முறைமை உருவாக்கத்துக்கு 200 சதவீதம்.

ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2011 இல் 1,471 தகவல் தொழில்நுட்பத் திட்டங்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவும் இதே திசையில்தான் இருந்தது. சராசரியாகச் செலவு 27 சதவீதம் மிஞ்சியிருந்தது. இது அவ்வளவு பயங்கரமாகத் தோன்றாது. ஆனால் ஆறில் ஒரு திட்டம் சராசரியாக 200 சதவீதம் மிஞ்சியிருந்தது. அதாவது பெரும்பாலானவை சமாளிக்கக்கூடிய அளவில் தவறுகின்றன, சில மட்டும் அடியோடு சாய்க்கின்றன. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவைக்காக 2002 இல் ஆரம்பிக்கப்பட்ட கணினித் திட்டம், பல பில்லியன் பவுண் செலவான பின் 2011 இல் கலைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய ஆபத்துக்கு எதிராகப் பொருளியலாளரிடம் இருக்கும் நல்ல மருந்து, பணத்தைக் கட்டங்கட்டமாக விடுவிப்பது. ஒரு மாவட்டத்தில் முன்னோடியாக நடத்தி, எண்ணிக்கைகளைப் பார்த்து, அடுத்த கட்டத்துக்குப் போவதா நிறுத்துவதா என்று தீர்மானிப்பது. ஏற்கெனவே செலவான தொகை அந்தத் தீர்மானத்தில் இடம்பெறக் கூடாது. அதை அமிழ்ந்த செலவு என்பர், நிறுத்தினாலும் தொடர்ந்தாலும் அது திரும்பி வராது.

கட்டி முடித்த பின்னும் செலவு நிற்பதில்லை. அரசாங்கத்துக்கு ஒரு முறைமையைக் கட்டுவதற்கான மூலதனம் கிடைப்பது எளிது, வெளிநாட்டு உதவியும் கிடைக்கும். ஆண்டுதோறும் வரும் பராமரிப்புச் செலவை மீண்டெழும் செலவின் கீழ் வருடா வருடம் போராடிப் பெற வேண்டும். 2023 ஓகஸ்ட் இறுதியில் அரச நிறுவனங்களின் தரவுகளை வைத்திருக்கும் லங்கா அரச கிளவுட் மீது நடந்த கப்பம் கோரும் தாக்குதலில், அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையானவை தொலைந்துபோயின. மின்னஞ்சல் மென்பொருள் காலாவதியான பதிப்பாக இருந்ததும், அதைப் புதுப்பிக்கும் திட்டம் 2021 முதலே இருந்து, நிதிப் பற்றாக்குறை உள்ளிட்ட காரணங்களால் தள்ளிப்போனதும் அப்போது பகிரங்கமாக விளக்கப்பட்டன. திட்டம் தயாரிக்கப்படும்போது ஐந்தாம் வருடத்து உரிமக் கட்டணத்தைப் பற்றிப் பேசுவது சலிப்பூட்டும் காரியம்தான். பேசாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் தேவையில்லை.

இதுவரை பார்த்தவற்றில் நினைவில் வைக்க வேண்டியவை: பலன் பயன்பாட்டிலிருந்து பிறக்கிறது, பயன்பாடு மெதுவாகவே வளரும், செலவு மதிப்பீட்டை மிஞ்சும், அதுவும் கட்டி முடித்த பின் தொடரும்.

நன்மை யாரைச் சென்றடைகிறது

மொத்தக் கணக்கு இலாபமாக இருந்தாலும், அந்த இலாபம் யாருக்கு என்ற கேள்வி தனியாகக் கேட்கப்பட வேண்டும். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தமிழ் பேசும் சமூகங்களைச் சேர்ந்தவர். ஒரு சேவை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முதலில் தொடங்கி, தமிழ்ப் பக்கம் ‘பின்னர் சேர்க்கப்படும்’ என்று விடப்பட்டால், பயனாளர் எண்ணிக்கைக் கணக்கிலிருந்து அவர்களில் பெரும்பாலானோரைக் கழிக்க வேண்டும். மொழியுரிமை பற்றிய நியாயமான வாதம் ஒருபுறம் இருக்க, இது வெறும் கூட்டல் கழித்தலாகவே திட்டத்தின் இலாபத்தைக் குறைக்கிறது. மும்மொழிக்குமான செலவு முதல் நாளிலிருந்தே செலவுப் பக்கத்தில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்போடு, கொட்டாஞ்சேனையிலோ ஹட்டனிலோ உள்ள சில பேரிடம் படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்லிப் பார்க்கும் செலவும் அதில் அடங்க வேண்டும்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர், மகனிடமோ தொடர்பாடல் நிலையத்திலோ கொடுத்து விண்ணப்பிக்கும் முதியவர் ஆகியோருக்கு நேரம் மிச்சமாவதற்குப் பதில் கூடலாம். கருமபீடத்தை மூடிவிடுவதால் வரும் சேமிப்பை முன்மொழிவு கணக்கில் எடுத்திருந்தால், இவர்கள் தொடர்பாடல் நிலையத்தில் கொடுக்கும் பணத்தையும் செலவாக எடுக்க வேண்டும். அரசாங்கத்தின் செலவை மக்களின் தலையில் மாற்றிவிடுவது சேமிப்பாகாது.

கடைசியில் என்ன எழுதப்படும்

முன்மதிப்பீட்டின் முடிவு சில பக்கங்கள் கொண்ட ஓர் அறிக்கை. தெரிவுகள், அவற்றின் தேறிய நிகழ்காலப் பெறுமதி, எந்த ஊகம் மாறினால் முடிவு தலைகீழாகும், பணத்தால் அளக்க முடியாத நன்மைகள் என்ன என்பவை அதில் இருக்கும். தீர்மானம் எடுப்பவர்கள் அமைச்சர்கள். தேறிய பெறுமதி எதிர்மறையாக இருந்தும், பாதுகாப்புக்காகவோ சட்டக் கடப்பாட்டுக்காகவோ ஒரு திட்டத்தை அங்கீகரிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு அதைச் செய்யும்படி பார்ப்பதோடு எங்கள் வேலை முடிகிறது.

அறிக்கையின் கடைசிப் பகுதி நிபந்தனைகள். அதில் நான் தவறாமல் சேர்ப்பது ஒன்றுண்டு. பெரும்பாலான திட்டங்களில் பின்மதிப்பீடு செய்யப் போகும்போது, பழைய நிலை எப்படி இருந்தது என்ற தரவே கிடைப்பதில்லை. எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் முன்மொழிவிலிருந்த நான்கு மணித்தியாலம் உண்மையா என்று ஒருபோதும் தெரிவதில்லை, அடுத்த முன்மொழிவும் அதே நான்கு மணித்தியாலத்தோடு வந்து சேர்கிறது. ஆகவே பெறுகை நடவடிக்கை ஆரம்பிக்கும் முன்னர், தெரிவுசெய்யப்பட்ட சில அலுவலகங்களில் இரண்டு வாரத்துக்குக் கருமபீடத்துக்கு வருபவர்களின் எண்ணிக்கை, வந்த நேரம், அலுவல் முடிந்த நேரம், திருப்பி அனுப்பப்பட்டால் அதற்கான காரணம் ஆகியவை ஒரு கொப்பியில் பதியப்பட்டு, அதன் பிரதி திட்டக் கோவையில் இணைக்கப்பட வேண்டும் என்று எழுதுகிறேன்.